மறையுரையைப் படியெடுத்தவர்கள்: வாசகர் கேள்வி பதில்

ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்து நின்ற சமயத் தலைவர்களைப் பற்றி அண்மையில் வந்த கடிதங்கள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. ஆகவே இந்த முறை சினிமாவுக்கும் அரசியலுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டு, அந்த ஒரு பொருளைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டுமே பதில் எழுதுகிறேன்.

“2022 மே 15 அன்று எங்கள் மாவட்டத்துத் தேவசகாயம் பிள்ளைக்கு வத்திக்கானில் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. அதே திருப்பலியில் பட்டம் பெற்ற பத்துப் பேரில் டைட்டஸ் பிரான்ட்ஸ்மா என்ற நெதர்லாந்துக் குருவும் ஒருவர் என்றும், அவரை நாஜிகள் கொன்றார்கள் என்றும் படித்தேன். அவர் செய்த குற்றம்தான் என்ன?”
– ஒரு வாசகர், நாகர்கோவில்

ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார் என்பதுதான் அவர் செய்த குற்றம். பிரான்ட்ஸ்மா கார்மேல் சபைத் துறவி. நைமேகன் நகரிலுள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். ஓராண்டு அதன் தலைமைப் பொறுப்பையும் வகித்தவர். ஆனால் அவரைச் சிறைக்குக் கொண்டுபோனது தத்துவம் அன்று, பத்திரிகைத் தொழில். நெதர்லாந்துக் கத்தோலிக்கப் பத்திரிகையாளர்களுக்கு ஆன்மிக ஆலோசகராகத் திருச்சபை அவரை நியமித்திருந்தது.

1940 மே மாதம் ஜெர்மனி அந்த நாட்டைக் கைப்பற்றியது. 1941 முடியும் தறுவாயில், உள்நாட்டு நாஜிக் கட்சியின் விளம்பரங்களை எந்தப் பத்திரிகையும் மறுக்கக் கூடாது என்று உத்தரவு பிறந்தது. விளம்பரம்தானே, காசு கொடுக்கிறார்கள், போட்டுவிட்டுப் போவோம் என்று எண்ணுவதற்கு எல்லா வசதியும் உள்ள உத்தரவு அது. கொடுங்கோன்மை பெரும்பாலும் இப்படிப்பட்ட சில்லறை விஷயமாகத்தான் முதலில் வாசலுக்கு வருகிறது. கத்தோலிக்கப் பத்திரிகைகள் அதை மறுக்க வேண்டும் என்று உட்ரெக்ட் பேராயர் யோஹானஸ் த யோங் முடிவு செய்தார். அந்த முடிவைத் தாங்கிய கடிதத்தைத் தபாலில் அனுப்பாமல், ஒவ்வோர் ஆசிரியரையும் நேரில் கண்டு, மறுத்தால் என்ன நேரலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லி ஒப்படைக்கும் வேலையை, அறுபது வயதைத் தாண்டிய, உடல்நலம் குன்றிய பிரான்ட்ஸ்மா ஏற்றுக்கொண்டார். 1942 ஜனவரியின் முதல் நாட்களில் தொடங்கிய அந்தப் பயணம், ஜனவரி 19 அன்று நைமேகன் மடத்தில் அவர் கைதானதோடு முடிந்தது.

விசாரணை அதிகாரி அவரிடம், டச்சுக் கத்தோலிக்கர்கள் அந்தக் கட்சியை ஏன் எதிர்க்கிறார்கள் என்று எழுதித் தரும்படி கேட்டார். பேராசிரியர் அல்லவா? நல்ல கேள்வி வந்துவிட்டதென்று ஒளிவுமறைவில்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டார். பிறகு அமெர்ஸ்ஃபோர்ட் முகாம், அதன்பின் ஜெர்மனியில் டாகாவ் வதைமுகாம். டாகாவுக்குப் போய்ச் சேர்ந்து ஆறு வாரம்கூட முடியவில்லை. 1942 ஜூலை 26 அன்று, முகாம் மருத்துவமனையில் நச்சு ஊசி போட்டு அவரைக் கொன்றார்கள். காற்றாடிமலையில் 1752இல் சுடப்பட்ட நம் தேவசகாயத்துக்கும் இவருக்கும் இடையே 190 ஆண்டுகள். பட்டம் கிடைத்தது ஒரே காலைப் பொழுதில்.

“மியூன்ஸ்டர் நகரத்து ஆயர் ஒருவர் கோவில் மேடையிலிருந்தே ஹிட்லர் அரசைக் கொலைகார அரசு என்று சாடினார் என்றும், ஆனாலும் அவரை யாரும் தொடவில்லை என்றும் சொல்கிறார்கள். ஒரு கடிதத்துக்காகப் பேராசிரியரைக் கொன்றவர்கள் இவரை எப்படி விட்டார்கள்?”
– ஒரு வாசகி, திண்டுக்கல்

நீங்கள் குறிப்பிடுபவர் கிளெமென்ஸ் ஆகஸ்ட் ஃபொன் காலன். (எமனை நினைக்க வேண்டாம், முதல் எழுத்தைக் ‘கங்கை’யில் வரும் முதல் எழுத்துப்போல ஒலிக்க வேண்டும்.) பழைய பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர், ஆறரை அடிக்கும் மேற்பட்ட உயரம், அரசியலில் பழமைவாதி. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933ஆம் ஆண்டிலேயே ஆயராகப் பொறுப்பேற்றபோது, புகழ்ச்சிக்கும் மயங்கேன், அச்சத்துக்கும் மடங்கேன் என்ற பொருளுள்ள இலத்தீன் தொடரைத் தம் விருதுவாக்காகக் கொண்டார். அதை அவர் சோதித்துப் பார்க்க எட்டு ஆண்டுகள் ஆயின.

1941 ஜூலையில் பிரிட்டிஷ் விமானங்கள் மியூன்ஸ்டரைக் குண்டு வீசிச் சிதைத்துக்கொண்டிருந்தபோது, இரகசியப் போலீஸான கெஸ்டபோ அங்கிருந்த இயேசு சபை இல்லங்களைப் பறித்துக்கொண்டு துறவிகளைத் துரத்தியது. ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. ஆயர் புனித லம்பெர்ட் கோவிலின் மேடையேறினார். அந்தக் கோவில் கோபுரத்தில் இன்றும் மூன்று இரும்புக் கூண்டுகள் தொங்குகின்றன. 1536இல் அந்நகரத்துக் கலகக்காரர் மூவரைச் சித்திரவதை செய்து கொன்று, உடல்களை ஊரார் பார்க்கத் தொங்கவிட்ட கூண்டுகள். அதிகாரத்தை எதிர்த்தால் என்ன ஆகும் என்று தலைக்கு மேலேயே எழுதி வைத்திருந்த இடத்தில் நின்றுகொண்டு, குற்றம் ஏதும் செய்யாத எவரும் இன்றிரவு வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்படலாம் என்ற நிலை வந்துவிட்டது, நீதி இல்லாத அரசு உள்ளிருந்தே அழுகிவிடும் என்று அவர் பேசினார். அடுத்த ஞாயிறு இன்னொரு கோவிலில் பேசும்போது, நாம் சம்மட்டி அல்ல, பட்டடைக்கல், அடி வாங்குகிறோம். ஆனால் பட்டடைக்கல் சம்மட்டியைவிட நெடுநாள் இருக்கும் என்றார்.

மூன்றாவது மறையுரைதான் உலகறிந்தது. அதன் பின்னணியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மனநோயாளிகள், பிறவி ஊனமுற்றோர், தீராத நோயுள்ளோர் ஆகியோரை அரசுக்குச் சுமை என்று கணக்கிட்டு, 1940 தொடங்கி அவர்களைச் சாம்பல் நிறப் பேருந்துகளில் ஏற்றி ஆறு கொலைக்கூடங்களுக்குக் கொண்டுபோய் நச்சு வாயுவால் கொன்றுகொண்டிருந்தார்கள். குடும்பத்துக்கு ஓர் இரங்கல் கடிதமும், பொய்யான நோய்க் காரணமும், கேட்டால் ஒரு சாம்பல் கலசமும் வரும். முன்பே குடல்வால் அறுவை செய்துகொண்டவர் குடல்வால் அழற்சியால் இறந்ததாக வந்த கடிதங்களும் உண்டு. பொய்யிலும் அலுவலகச் சோம்பல் புகுந்துவிட்டது. இப்படிக் கொல்லப்பட்டவர்கள் 1941 ஆகஸ்டுக்குள் 70,000 பேருக்கு மேல்.

ஆகஸ்ட் 3 அன்று மீண்டும் லம்பெர்ட் கோவிலில், தம் மறைமாவட்டத்திலேயே இருந்த மரியென்டால் மருத்துவமனையிலிருந்து நோயாளிகள் கொண்டுசெல்லப்படுவதை ஆயர் வெளிப்படையாகச் சொன்னார். ஜெர்மானியக் குற்றவியல் சட்டத்தின் 211ஆம் பிரிவு கொலையைப் பற்றியது. கொலைத் திட்டம் ஒன்றை அறிந்தவர் அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும் என்று இன்னொரு பிரிவு கட்டளையிடுகிறது. ஆகவே ஜூலை 28 அன்று நான் அரசு வழக்கறிஞரிடம் முறைப்படி புகார் கொடுத்துவிட்டேன் என்று அறிவித்தார். இந்தச் செயலை நான் மிகவும் மெச்சுகிறேன். அரசைக் கவிழ்க்க அவர் கூப்பிடவில்லை. அரசு தன் சட்டத்தையே மீறுகிறது என்று அதன் வாசலில் போய்ப் புகார் மனு கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதைக் கேட்டவர்கள் எவரும் மறந்திருக்க முடியாது. பழுதான பழைய இயந்திரத்தைப் போலவும், நொண்டிப்போன குதிரையைப் போலவும், பால் வற்றிய பசுவைப் போலவும் இம்மனிதர்களை நடத்துகிறார்கள் என்றார். அவர் முன்னே உட்கார்ந்திருந்தவர்களில் கிராமத்துக் குடியானவர்களும் இருந்தனர். பால் வற்றிய மாட்டை அடிமாட்டுக்கு அனுப்புவது என்றால் என்ன என்று நம் ஊர் விவசாயிக்கு விளக்க வேண்டியதில்லை. அவர்களுக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உழைக்க முடியாதவரைக் கொல்லலாம் என்றால், நாளை நாமெல்லாம் கிழவர்களாகும்போது நம் கதி என்ன, போர்முனையிலிருந்து கையிழந்தும் காலிழந்தும் திரும்பும் நம் பிள்ளைகளின் கதி என்ன என்று அவர் கேட்டபோது, இரஷ்யப் போர் தொடங்கி ஆறு வாரமே ஆகியிருந்தது. அந்த மண்டபத்தில் பிள்ளையைப் போருக்கு அனுப்பாத குடும்பம் குறைவு.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவரைத் தூக்கிலிட வேண்டும் என்று பிரசாரத் துறை அதிகாரி ஒருவர் எழுதியே கொடுத்தார். கோயபல்ஸ்தான் தடுத்தார்: இந்த ஆயர் மீது கை வைத்தால் போர் முடியும்வரை மியூன்ஸ்டர் மக்களை, ஏன், வெஸ்ட்ஃபாலியா முழுவதையுமே கைகழுவிவிட வேண்டியதுதான் என்பது அவருடைய கணக்கு. போரில் வென்றபின் இவருடன் கணக்குத் தீர்ப்பேன் என்று ஹிட்லர் ஒத்திவைத்தார். ஆக, ஆயரைக் காத்தது அரசின் இரக்கமன்று. அவருடைய குடிப்பிறப்பு, பதவி, உயரமான மேடை, அவருக்குப் பின்னால் நின்ற ஒரு மாவட்டத்து மக்கள், போர்க்காலத்தின் நெருக்கடி இவையெல்லாம் சேர்ந்து கட்டிய மதில் அவரைச் சுற்றி இருந்தது. மேடையேறும்போது அந்த மதில் தாங்கும் என்று அவருக்குத் தெரியாது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

மறையுரைகளைக் கையால் எழுதியும் தட்டச்சில் அடித்தும் மக்கள் இரகசியமாகப் பரப்பினார்கள். போர்முனை வீரர்களிடமும் அவை போய்ச் சேர்ந்தன. பிரிட்டிஷ் விமானங்கள் அவற்றைத் துண்டறிக்கைகளாகத் தூவின. உல்ம் நகரத்தில் ஷோல் குடும்பத்தின் தபால் பெட்டியில் ஒரு படி விழுந்தது. அக்குடும்பத்தின் மகன் ஹான்ஸும் மகள் சோஃபியும் பிற்பாடு ‘வெள்ளை ரோஜா’ என்ற பெயரில் துண்டறிக்கைகள் பரப்பி, 1943 பிப்ரவரியில் தலை வெட்டப்பட்டார்கள். மறையுரை நிகழ்ந்த மூன்று வாரத்தில், ஆகஸ்ட் 24 அன்று, வாயுக் கூடங்களில் நோயாளிகளைக் கொல்லும் திட்டத்தை நிறுத்தும்படி ஹிட்லர் ஆணையிட்டார். ஆனால் இங்கே கொண்டாட்டத்தை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. திட்டமிட்ட எண்ணிக்கையை அவர்கள் ஏறத்தாழ எட்டிவிட்டிருந்தார்கள் என்பது ஒன்று. கொலை நிற்கவில்லை, இடம் மாறியது என்பது இன்னொன்று: மருத்துவமனைகளுக்குள்ளேயே ஊசியாலும் பட்டினியாலும் அது போர் முடியும்வரை தொடர்ந்தது; கொலைக்கூடங்களில் பழகிய ஆட்கள் பலர் போலந்திலிருந்த ட்ரெப்ளிங்கா, சோபிபோர், பெல்ஜெக் முகாம்களுக்கு மாற்றப்பட்டார்கள்.

“முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஜெர்மனியிலிருந்து வந்த குருமார்களால் உருவானது எங்கள் லுத்தரன் சபை. ஆனால் ஹிட்லரை எதிர்த்தவர்கள் என்றால் கத்தோலிக்க ஆயர்களையே எழுதுகிறீர்கள். எங்கள் ஐயர்மார்கள் (போதகர்கள்) எல்லாரும் ஹிட்லருக்குத் துதி பாடினார்களா?”
– ஒரு வாசகர், தரங்கம்பாடி

பலர் பாடினார்கள். 1933 ஜூலையில் நடந்த சபைத் தேர்தலில் நாஜிச் சார்புள்ள ‘ஜெர்மானியக் கிறிஸ்தவர்கள்’ என்ற அணி பெரும் வெற்றி பெற்றது என்பதை மறைத்துப் பயனில்லை. அதை மறுத்தவர்கள் 1934 மே மாதம் பார்மன் நகரில் கூடி, சபைக்கு இயேசுவைத் தவிர வேறு தலைவர் இல்லை என்று அறிக்கை விட்டார்கள். அவர்களில் முன்னின்ற மார்ட்டின் நீமுல்லர் முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல் தளபதி. தொடக்கத்தில் ஹிட்லருக்கே வாக்களித்தவர். பின்னர் 1937 முதல் 1945 வரை எட்டு ஆண்டுகள் சிறையிலும் வதைமுகாமிலும் இருந்தார்.

மேலே சொன்ன நோயாளிக் கொலைகளைப் பொறுத்தவரை, உங்கள் சபையார் முந்திக்கொண்டார்கள் என்றே சொல்ல வேண்டும். லோபெட்டால் இல்லத்தை நடத்திய போதகர் பால் கெர்ஹார்ட் பிராவுனே, 1940 ஜூலையிலேயே விவரங்களைத் திரட்டி அரசுக்கு நீண்ட அறிக்கை கொடுத்தார். அடுத்த மாதமே கைதானார். வூர்ட்டம்பெர்க் ஆயர் தியோஃபில் வுர்ம் அதே ஜூலையில் உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். ஃபொன் காலனுக்கும் அந்தக் கோடையிலேயே செய்தி தெரியும். அவர் ஓராண்டு வாய் திறக்கவில்லை, மூத்த கர்தினால் ஒருவர் நிதானம் காக்கச் சொன்னதும் அதற்கு ஒரு காரணம். அப்படியென்றால் முதலில் எழுதியவர்களின் பெயர் ஏன் நிலைக்கவில்லை? அவர்கள் அமைச்சருக்கு எழுதினார்கள். அமைச்சரின் மேசை இழுப்பறையோடு அது முடிந்தது. ஆயர் மேடையில் சொன்னார். அது அன்றைக்கே வீட்டு அடுப்படிவரை போய்விட்டது.

ஆனால் உங்கள் சபையிலிருந்து நான் முதன்மையாகச் சொல்ல விரும்பும் பெயர் இவர்களுடையது அன்று. லூபெக் நகரத்துப் போதகர் கார்ல் ஃபிரீட்ரிஷ் ஷ்டெல்பிரிங்க். அவர் தொடக்கத்தில் நாஜிக் கட்சி உறுப்பினர். கத்தோலிக்கரைக் கண்டால் ஆகாதவர். கட்சியின் சமயப் பகையை அருகிலிருந்து பார்த்து மனம் கசந்து, கட்சியிலிருந்து விலக்கப்பட்டவர். அதே நகரத்தின் திருஇருதயக் கோவிலில் மூன்று இளம் கத்தோலிக்கத் துணைப்பங்குத்தந்தையர் இருந்தார்கள்: யோஹானஸ் பிராசெக், ஹெர்மன் லாங்கே, எடுவார்ட் முல்லர். பிராசெக், கட்டாய உழைப்புக்காகக் கொண்டுவரப்பட்ட போலந்துத் தொழிலாளர்களுக்குப் பணியாற்றுவதற்காகவே போலிஷ் மொழி கற்றவர். 1941 கோடையில் ஷ்டெல்பிரிங்க் அவர்களோடு பழக்கமானார். பங்கு எல்லைகளையே பகை எல்லைகளாக எண்ணிய காலத்தில், நால்வரும் ஃபொன் காலனின் மறையுரைகளைப் படியெடுத்துக் கைமாற்றினார்கள். (கத்தோலிக்கர் மறையுரை என்பார்கள், உங்கள் சபையில் பிரசங்கம் என்பார்கள், கெஸ்டபோவுக்கு இரண்டும் ஒன்றுதான்.)

1942 மார்ச் 28 இரவு லூபெக் குண்டுவீச்சில் எரிந்தது. மறுநாள் குருத்தோலை ஞாயிறு. இரவெல்லாம் மீட்புப் பணி செய்துவிட்டு மேடையேறிய ஷ்டெல்பிரிங்க், கடவுள் வல்லமையான மொழியில் பேசியிருக்கிறார், மக்கள் மீண்டும் வேண்டக் கற்பார்கள் என்ற கருத்தில் பேசினார். சில நாட்களில் கைதானார். பிராசெக் நடத்திய கலந்துரையாடல் வட்டத்தில் ஓர் ஒற்றன் புகுந்திருந்தான். அவனால் மற்ற மூவரும் அகப்பட்டார்கள். அவர்களோடு குருக்கள் அல்லாத பொதுநிலையினர் பதினெட்டுப் பேரும் சிறைக்குப் போனார்கள். 1943 ஜூனில், அரசியல் வழக்குகளுக்கென நாஜிகள் அமைத்த ‘மக்கள் நீதிமன்றம்’ லூபெக்குக்கே வந்து மரண தண்டனை விதித்தது. 1943 நவம்பர் 10 அன்று, ஹாம்பர்க் சிறையில், மூன்று மூன்று நிமிட இடைவெளியில் நால்வரின் தலையும் வெட்டப்பட்டன.

அந்த மறையுரையைப் பேசியவர் அன்று மியூன்ஸ்டரில் உயிரோடு, பதவியில் இருந்தார். 1946இல் கர்தினாலும் ஆகி, அடுத்த மாதமே இயற்கையாக இறந்தார். இதனால் அவருடைய துணிச்சல் சிறியதாகிவிடவில்லை. தமக்குப் பதிலாகத் தம் குருக்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று அவரே வருந்தினார். ஆனால் விலையைக் கொடுத்தவர்கள் யார் என்று கணக்கெடுத்தால், மேடையில் நின்றவரைவிடத் தட்டச்சுப் பொறியின் முன் உட்கார்ந்தவர்களே அதிகம் கொடுத்தார்கள்.

உங்கள் சபையைப் பற்றி ஒரு கசப்பான குறிப்பும் உண்டு. மூன்று கத்தோலிக்கக் குருக்களுக்காக அவர்களுடைய ஆயர் சிறைக்கு வந்தார், கருணை மனுவும் கொடுத்தார். ஷ்டெல்பிரிங்க்குக்காக அவருடைய சபைத் தலைமை எதுவும் செய்யவில்லை, பணிநீக்கம்தான் செய்தது. அவருடைய பெயருக்கு ஏற்பட்ட அந்தக் களங்கத்தைச் சபை முறைப்படி நீக்கியது 1993இல். ஐம்பது ஆண்டுகள்! 2011இல் மூன்று குருக்களும் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்ட விழாவில் ஷ்டெல்பிரிங்கும் சேர்த்தே நினைவுகூரப்பட்டார்.

“எல்லாம் சரி. அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டபோது இந்தத் துணிச்சல்காரர்கள் எங்கே போனார்கள்?”
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

சுடும் கேள்விதான். ஃபொன் காலன் நோயாளிகளுக்காகவும் துறவிகளுக்காகவும் முழங்கினார். யூதர்களுக்காக மேடையில் வாய் திறக்கவில்லை. சோவியத் நாட்டின் மீதான போரை அவர் ஆதரித்தார் என்பதும் பதிவில் உள்ளது. தன் வீட்டுக் கூரை எரிந்தால்தான் குரல் எழும் என்ற மனித வழக்கத்துக்கு அவரும் விலக்கல்ல.

விலக்கானவர்கள் சிலர் இருந்தார்கள். பெர்லினில் புனித ஹெட்விக் பேராலயத்தின் பொறுப்பாளர் பெர்ன்ஹார்ட் லிக்டன்பெர்க். 1938 நவம்பரில் யூதத் தொழுகைக்கூடங்கள் கொளுத்தப்பட்ட அந்த நாள் மாலையில், வெளியே ஆலயம் எரிகிறது, அதுவும் இறைவனின் வீடுதான் என்று சொல்லி, யூதர்களுக்காகவும் வதைமுகாம் கைதிகளுக்காகவும் வாய்விட்டு வேண்டினார். ஒருநாள் மட்டும் அல்ல. மாலை வழிபாட்டில் அந்த மன்றாட்டு மூன்றாண்டுகள் நாள்தோறும் ஒலித்தது. ஹிட்லரின் தலைநகரத்தில், ஹிட்லரின் அலுவலகத்திலிருந்து நடந்து போகும் தொலைவில். 1941 ஆகஸ்ட் இறுதியில், சும்மா கோவிலைப் பார்க்க நுழைந்த இரண்டு மாணவிகள் அதைக் கேட்டுப் போலீஸில் சொல்லிவிட்டார்கள். அக்டோபரில் கைதானார். அவருக்கு இரண்டாண்டுச் சிறை. இனிமேல் பிரசங்கிக்கமாட்டேன் என்றால் விட்டுவிடுகிறோம் என்று அவருடைய ஆயர் மூலம் சொல்லியனுப்பியபோது, போலந்தின் வூச் நகருக்கு நாடுகடத்தப்படும் யூதர்களோடு என்னையும் அனுப்புங்கள் என்று கேட்டார். தண்டனை முடிந்தும் விடுதலை செய்யாமல் டாகாவுக்குக் கொண்டுபோகும் வழியில், 1943 நவம்பர் 5 அன்று ஹோஃப் நகரத்து மருத்துவமனையில் இறந்தார். லூபெக் நால்வருக்கு ஐந்து நாள் முன்பு.

பிரான்ஸில் துலூஸ் பேராயர் சாலியேஜ், பக்கவாதத்தால் பேச்சும் நடையும் தடுமாறிப்போனவர். 1942 ஆகஸ்ட் 23 அன்று அவருடைய மேய்ப்புப்பணிக் கடிதம் பங்குக் கோவில்களில் வாசிக்கப்பட்டது. யூதர்களும் மனித குலத்தின் பகுதி, நம் சகோதரர்கள், அவர்களுக்கு எதையும் செய்யலாம் என்பது இல்லை என்றது அக்கடிதம். வாசிக்கக் கூடாது என்று மாவட்ட அதிகாரி தடுத்துப் பார்த்தார். அடுத்த வாரம் மோந்தோபான் ஆயர் தெயாஸ் தாமும் ஒரு கடிதம் எழுதினார். தபாலில் போட்டால் தணிக்கைக்காரர் கையில் விழும் என்பதால், மரீ-ரோஸ் ஜினெஸ்ட் என்ற இளம்பெண் அதைத் தட்டச்சில் படியெடுத்து, ஆகஸ்ட் வெயிலில் மறைமாவட்டம் முழுவதும் சைக்கிள் மிதித்துப் பங்குத்தந்தையரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். இங்கும் பாருங்கள், கடிதம் எழுதியவரின் பெயருக்குப் பக்கத்தில் அதைச் சுமந்தவரின் பெயரையும் எழுதினால்தான் கதை முழுமையாகிறது.

“நெதர்லாந்தில் ஆயர்கள் யூதர்களுக்காக வெளிப்படையாகப் பேசியதால்தான், யூதராகப் பிறந்து கார்மேல் துறவியான எடித் ஸ்டைன் கொல்லப்பட்டார் என்கிறார்கள். அப்படியென்றால் மௌனமே உயிர்களைக் காத்திருக்காதா?”
– ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

நிகழ்வு உண்மை. 1942 ஜூலையில் யூதர்களை நாடுகடத்தும் வேலை தொடங்கியதும் எல்லாச் சபைகளும் சேர்ந்து ஆக்கிரமிப்பு அரசுக்குத் தந்தி அடித்தன. ஞானஸ்நானம் பெற்ற யூதர்களை விட்டுவிடுகிறோம், நீங்கள் இதைக் கோவில்களில் வாசிக்காதீர்கள் என்று பேரம் வந்தது. பெரிய சீர்திருத்தச் சபை வாசிக்காமல் விட்டது. பேராயர் த யோங் ஜூலை 26 அன்று வாசிக்கச் செய்தார். பிரான்ட்ஸ்மா டாகாவில் கொல்லப்பட்டதும் அதே ஞாயிறு. ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 2 அன்று, கத்தோலிக்கராகியிருந்த யூதர்களைப் பிடித்தார்கள். எக்ட் கார்மேல் மடத்திலிருந்து எடித் ஸ்டைனும் அவருடைய சகோதரி ரோசாவும் கொண்டுசெல்லப்பட்டு, ஆகஸ்ட் 9 அன்று அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள்.

போர்க்காலத்தை நேரில் கண்ட மண்ணிலிருந்து கேட்கிறீர்கள்; உங்களுக்கு எளிதான பதில் சொல்ல எனக்குத் தயக்கம். என் எண்ணம் இது: அந்தப் பேரத்தை ஏற்றுக்கொண்டால், எங்கள் கோவில் ஏட்டில் பெயர் உள்ளவரை விட்டுவிடுங்கள், மற்றவரைக் கொண்டுபோங்கள் என்று ஒப்பமிட்டதாகிவிடும். அந்த நாட்டு யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு எந்த மௌனத்தாலும் எந்தச் சலுகையும் கிடைக்கவிருக்கவில்லை. ஆனாலும், பேசியவர் ஒருவர், இறந்தவர் இன்னொருவர் என்ற கணக்கு இங்கும் மாறவில்லை. த யோங் அந்த பாரத்தை உணராமல் இருந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

“ஹிட்லரைக் கொல்லும் சதியில் தொடர்புள்ளவராகத் தூக்கிலிடப்பட்ட போதகர் போன்ஹோஃபர், காந்தியடிகளிடம் வந்து தங்க இருந்தார் என்பது உண்மையா?”
– ஒரு வாசகர், மதுரை

உண்மை. 1934இல் லண்டனில் ஜெர்மானியச் சபையின் போதகராக இருந்தபோது, அறப்போராட்டத்தையும் ஆசிரம வாழ்க்கையையும் நேரில் கற்க விரும்பி, சிச்செஸ்டர் ஆயர் ஜார்ஜ் பெல்லின் அறிமுகத்தோடு காந்தியடிகளுக்கு எழுதினார். நவம்பர் 1ஆம் தேதியிட்ட பதிலில் வரச்சொல்லி அழைப்பும் வந்தது. ஆனால் பார்மனில் அறிக்கை விட்ட எதிர்ப்புச் சபையினர் தம் இளம் போதகர்களைப் பயிற்றுவிக்க அவரை ஜெர்மனிக்குக் கூப்பிட்டதால் 1935இல் அங்கே திரும்பினார். இந்தியப் பயணம் நடக்கவேயில்லை. 1945 ஏப்ரல் 9 அன்று ஃபுளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். அகிம்சை கற்க விரும்பியவர் கொலைச் சதிக்காரர்களோடு சேர்ந்த முரண்பாடு தனிக் கட்டுரைக்கு உரியது. அதை இன்னொரு முறை பார்ப்போம்.

“டாகாவ் போன்ற இடத்துக்குள் நடந்ததெல்லாம் எப்படி வெளியே தெரிந்தது? பிரான்ட்ஸ்மாவுக்கு ஊசி போட்டதை யார் பார்த்தது?”
– மீண்டும் ஒரு நாகர்கோவில் வாசகர், வேறொருவர்

டாகாவில் சமயப் பணியாளர்கள் மட்டும் சுமார் 2,700 பேர் அடைக்கப்பட்டிருந்தார்கள், பெரும்பான்மையினர் போலந்துக்காரர்கள். ஆயிரத்துக்கும் சற்று மேற்பட்டவர்கள் அங்கேயே இறந்தார்கள். பிழைத்து வந்தவர்கள் எழுதியும் சொல்லியும் வைத்தவற்றிலிருந்து பல செய்திகள் கிடைத்தன. ஆனால் பிரான்ட்ஸ்மாவின் கடைசி நாட்களைப் பற்றிச் சாட்சி சொன்னவர், அந்த ஊசியைப் போட்ட செவிலியர். போருக்குப் பின், அவரை அருளாளராக உயர்த்துவதற்கான விசாரணையில், பெயர் வெளியிடப்படாமல் அவர் வாக்குமூலம் கொடுத்தார். சமயத்தையும் குருக்களையும் வெறுத்து வளர்ந்த அந்தப் பெண்ணிடம், மருத்துவமனையில் கிடந்த கைதி கடிந்து ஒரு சொல் சொல்லவில்லையாம். தம்மிடம் இருந்த செபமாலையைக் கொடுத்திருக்கிறார். எனக்குச் செபிக்கத் தெரியாதே என்று அவர் சொல்ல, முழுவதும் தெரியாவிட்டால் போகிறது, ‘பாவிகளாகிய எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்ற கடைசிப் பகுதியை மட்டும் சொன்னால் போதும் என்றாராம்.